முதல் துண்டுக்கு அப்புறம்தான் கடிகாரம்

டெக்சஸ் மாநிலத்தின் அமரில்லோ பக்கம் காற்றாலைப் பராமரிப்புக் குழு ஒன்றுக்கு நான் மேற்பார்வையாளராக இருந்தேன். வாரத்தில் நாலைந்து நாள் இன்டர்ஸ்டேட் 40 சாலையில்தான் போக்குவரத்து. 'தி பிக் டெக்சன் ஸ்டேக் ராஞ்ச்' என்ற மஞ்சள் கட்டடம் அங்கே யார் கண்ணுக்கும் தப்பாது. பல மைல் முன்பிருந்தே விளம்பரப் பலகைகள் கூப்பிடத் தொடங்கிவிடும்: 72 அவுன்ஸ் ஸ்டேக், அதாவது தடித்த மாட்டுக்கறித் துண்டு, ஒரு மணி நேரத்தில் முடித்தால் இலவசம்.

72 அவுன்ஸ் என்றால் நாலரை பவுண்டு, நம் கணக்கில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. கூடவே இறால், சாலட், சுட்ட உருளைக்கிழங்கு, ரொட்டி. எல்லாம் வயிற்றுக்குள் போக வேண்டும். 1960ல் பாப் லீ என்பவர் ரூட் 66 சாலையோரம் தொடங்கிய கடை இது. அமரில்லோ மாட்டுச் சந்தை கௌபாய்கள் அங்கே வந்து பந்தயம் கட்டிச் சாப்பிட்டதில், ஒருவர் ஒரு மணி நேரத்தில் நாலரை பவுண்டை முடித்திருக்கிறார். இனி இதைச் சாப்பிட்டு முடிப்பவருக்குக் காசு வேண்டாம் என்று லீ அறிவித்துவிட்டார். பிறகு புது நெடுஞ்சாலை வர, கடையும் அதன் ஓரத்துக்கே இடம் மாறியது. 2015ல் மோலி ஷூய்லர் என்ற ஒல்லியான பெண் இப்படி மூன்று முழுச் சாப்பாட்டை 20 நிமிடத்தில் முடித்தார்.

எங்கள் குழுவிலிருந்த இருபத்து நாலு வயதுப் பையன் ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பந்தயம் நடக்கும் மேடையில் ஏறினான். 72 டாலரை முன்பணமாகக் கட்டினான். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கக் கூடாது, கறியை வெட்டித் தரக்கூட யாரும் உதவக் கூடாது என்று விதிகளைச் சொன்னார்கள்.

பரிமாறிய அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தட்டை வைத்துவிட்டு அவர் கடிகாரத்தைத் தொடவில்லை. "கண்ணு, முதல்ல ஒரு துண்டு வெட்டிச் சாப்பிட்டுப் பாரு. உனக்குப் பிடிச்ச மாதிரி வெந்திருக்கா?" என்றார். அவன் மென்றுகொண்டே தலையாட்டினான். "தலையாட்டினா போதாது, வாயால சொல்லு." சரியாக இருக்கிறது என்று அவன் சொன்ன பிறகுதான் தலைக்கு மேலே இருந்த எண்கள் ஓடத் தொடங்கின. அந்தக் கடையின் விதியே அப்படி.

அந்த நிமிடம் எனக்கு நெஞ்சில் தைத்தது. ஒரு மாதம் முன்பு இதே பையன் காலையில், "சாமான் பையை ஒரு தடவை பிரிச்சுப் பாத்துட்டு ஏறட்டுமா சார்?" என்று கேட்டிருந்தான். டர்பைனை, அதாவது காற்றாலையை, நிறுத்திய நிமிடத்திலிருந்து நின்ற நேரம் கணக்கில் ஏறும். நான் ஏற்கெனவே நிறுத்தச் சொல்லியிருந்தேன். "நேரமாகுது, ஏறு" என்றேன். 80 மீட்டர் ஏணி ஏறி மேலே போய்ப் பார்த்தால், போல்ட் முறுக்கும் சாக்கெட் வேறு அளவு. இறங்கி, ஸ்டோருக்குப் போய் வர அரை நாள் போயிற்று. அறிக்கையில் அவன் பெயருக்கு நேராகக் 'கவனக்குறைவு' என்று எழுதியது நான்தான். தமிழ்நாட்டு முப்பந்தல் காற்றாலைகளில் வேலை கற்ற நாளிலிருந்தே எனக்கு அந்த அவசரம் உண்டு. அவசரம் என்றால் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையன் முதல் இருபது நிமிடம் வேகமாகச் சாப்பிட்டான். நாற்பதாவது நிமிடத்தில் தாடை அசையவில்லை, நெற்றியெல்லாம் வேர்வை. ஒன்றரை பவுண்டு போல மிச்சம். அந்த அம்மா அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, மிச்சத்தைப் பெட்டியில் போட்டுத் தந்தார். கடைக்குள் அதைப் பங்கு போடக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

மறுநாள் சனிக்கிழமை, எங்களுக்கு வேலை இருந்தது. கோபுரத்தின் கீழே தார்ப்பாய் விரித்து, பையிலிருந்த ஒவ்வொரு சாமானையும் எடுத்து வைக்கச் சொன்னேன். போல்ட் முறுக்கும் டார்க் ரென்ச், சாக்கெட்டுகள், ஹோஸ் குழாய், கையுறை. டர்பைன் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இறக்கையின் நிழல் சாமான்கள்மீது வந்து வந்து போனது. "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன். ஒரு ஹோஸின் முனையில் கசிவு இருக்கிறது என்றான். வண்டியிலிருந்து வேறு எடுத்து வந்தோம். அவன் சரி என்ற பிறகுதான் டர்பைனை நிறுத்தச் சொன்னேன். திங்கட்கிழமை அந்தப் பழைய அறிக்கையைத் திருத்தி, அவன் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மதியமே அவன் பெட்டியைத் திறந்திருந்தான். ஆறிப்போன ஸ்டேக்கைப் பேனாக்கத்தியால் மெல்லிசாகச் சீவி, டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் வைத்து ஆளுக்கொன்றாகச் சுருட்டிக் கொடுத்தான். எனக்குக் கொடுத்துவிட்டு, "நல்லா இருக்கா சார்?" என்றான்.

வாயால் சொன்னேன்.