பால் பல்தானே என்றார்கள்

பட்டிக் கேட்டின் கம்பிச் சந்தில் கீழ்ப்பற்களைக் கொடுத்துவிட்டு, எங்கள் எட்டு மாதப் பெட்டைக் குதிரைக் குட்டி மிரண்டு பின்னால் இழுத்திருக்கிறது. நான் பார்த்தபோது முன்பற்கள் மூன்று, எலும்புத் துண்டோடு வெளிப்பக்கம் மடிந்து ஈறில் தொங்கின.

பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் விடுப்பு. இருந்தவர் வாசற்படியை விட்டு இறங்காமலே, "இங்கே ஆடு மாடுதான் பார்ப்போம்" என்றார். வீடு திரும்பினால் மாமா குறடோடு நிற்கிறார். "பால் பல்தானே மாப்பிள்ளை, பிடுங்கிவிட்டால் புதுப்பல் முளைத்துவிட்டுப் போகிறது."

நானும் தலையாட்ட இருந்தேன். நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. நிலைப்பல்லின் குருத்து அந்த எலும்புக்குள்தான் இருக்கிறது. தொங்குகிற துண்டைப் பிடுங்கவோ வெட்டவோ கூடாது; தாடையில் ரத்த ஓட்டம் அதிகம், சேர்த்துக் கட்டினால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். இதைத் தொலைபேசியில் சொல்லி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகச் சொன்னவர் ஒரு நண்பர்.

அடுத்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. குட்டியை மட்டும் டெம்போவில் ஏற்றினேன். வெள்ளகோவில் தாண்டவில்லை, தாயைக் காணாமல் உதைத்து, உடம்பெல்லாம் வியர்த்து, வாயிலிருந்து மறுபடி ரத்தம். திரும்பிவிட்டோம். ஒரு பகலும் டெம்போ வாடகையும் வீண். மறுநாள் விடியலில் தாய்க்குதிரையையும் சேர்த்து ஏற்றினோம். நாமக்கல் வரை சத்தமே இல்லை.

அங்கே முதல் கேள்வி: "டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள்?" போட்ட நினைவு உண்டு, தேதி எழுதிய சீட்டு இல்லை. குதிரைக்கு அந்த நோய் வந்தால் பிழைப்பது கடினம் என்பதால் மறுபடி போட்டார்கள். உங்கள் குட்டிகளின் ஊசித் தேதிகளை இன்றே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

மயக்கம் கொடுத்து, காயத்தைக் கழுவி, ஆடிய பற்களைப் பக்கத்து உறுதியான பற்களோடு எஃகுக் கம்பியால் கட்டினார்கள். அது எளிதாகவே முடிந்தது.

பாடு அதற்குப் பிறகுதான். ஆறு வாரம் கம்பி வாயில் இருக்க வேண்டும். குட்டி எதையும் கடித்து இழுக்கக் கூடாது. எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி! அதைக் கண்டால் எந்தக் குட்டி சும்மா இருக்கும்? கொட்டகையிலேயே அடைத்து, ஊறவைத்த தவிட்டைக் கொடுத்தேன். தின்றபின் ஒவ்வொரு வேளையும் வாயைத் தண்ணீரால் அலசினேன். அலசாமல் விட்ட ஒரே நாளில் கம்பிக்கடியில் தவிடு புளித்து நாறியது. கம்பி முனை உதட்டைக் குத்துகிறதா, தளர்ந்திருக்கிறதா என்று தினமும் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

கம்பி எடுத்தாகிவிட்டது, தாடை நேராக இருக்கிறது. ஒரு பல் மட்டும் கறுத்திருக்கிறது. நடுவிலுள்ள நிலைப்பற்கள் இரண்டரை வயதில்தான் வரும். அவை ஒழுங்காக முளைக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். கேட்டுக்குத் தகடு அடித்துவிட்டேன். மாமா ஞாயிறுதோறும் வந்து குட்டியின் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறார். குறடு பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.