கர்ட் வார்னர் காத்திருந்த ஆண்டுகள்

பிப்ரவரி 3, 2025

அமெரிக்கக் கால்பந்து வீரர் கர்ட் வார்னரின் ஆட்ட வாழ்க்கையை இந்த வாரம் வரிசையாகத் திரும்பிப் பார்ப்பது என்று முடிவு செய்து, அவருடைய கல்லூரிக் காலத்திலிருந்து தொடங்கினேன். அயோவா மாநிலத்தின் சீடர் ஃபால்ஸ் நகரில் உள்ள வடக்கு அயோவா பல்கலைக்கழக அணியில் அவர் முதன்மைக் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆடியது கடைசிப் பருவமான 1993இல் மட்டுமே. கிடைத்த அந்த ஓர் ஆண்டிலேயே தம் பிரிவின் சிறந்த தாக்குதல் வீரர் என்ற விருதைப் பெற்றும், 1994இல் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது அவர் பெயரை எவரும் சொல்லவில்லை. பயிற்சி முகாமுக்கு அழைத்த கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் பருவம் தொடங்கும் முன்பே அவரை விடுவித்தது. ஊர் திரும்பியவர் ஹை-வீ மளிகை அங்காடியில் மணிக்கு 5.50 டாலர் கூலிக்கு இரவு நேரங்களில் சரக்கு அடுக்கினார். எல்லோரும் வியந்து சொல்வது இந்த வேலையைத்தான். எனக்கோ, அதற்குப் பின் வந்த மூன்று ஆண்டுகளே பெரிதாகப் படுகின்றன.

பிப்ரவரி 5

1995 முதல் 1997 வரை அவர் அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்காக உள்ளரங்கக் கால்பந்து ஆடினார். அந்த ஆடுகளத்தின் நீளம் 50 யார்டு, அதாவது வழக்கமானதில் பாதி. அணிக்கு எட்டுப் பேர். எல்லைக்கோட்டுக்குப் பதிலாகப் பஞ்சு பொதிந்த சுவர். அவ்வளவு நெருக்கத்தில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று நிதானமாக யோசிக்கும் குவார்ட்டர்பேக் அடுத்த நொடியே தரையில் கிடப்பார். பின்னாளில் எல்லோரும் புகழ்ந்த அவருடைய கைவேகம் அங்கேதான் பழகியது என்பது என் உறுதியான எண்ணம்.

பிப்ரவரி 6

1998இல் ஐரோப்பிய லீக்கின் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ், அதன் பின் என்எஃப்எல்லின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ். 1999இன் தொடக்கத்தில் ராம்ஸ் அவரை விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தது. மற்ற அணிகள் விட்டுக்கொடுத்த வீரர்களிலிருந்து ஆள் சேர்த்த, மீண்டும் தொடங்கப்பட்ட கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் ராம்ஸின் முதன்மைக் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனின் முழங்கால் காயமடைய, வேறு வழியின்றி இவரிடம் பந்து வந்தது. அந்தப் பருவத்தில் 4,353 யார்டுகள், 41 டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) பாஸ்கள், என்எஃப்எல்லின் மிகச் சிறந்த வீரர் விருது!

பிப்ரவரி 8

2000 ஜனவரி 30, அட்லாண்டா, என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். இரு அணிகளும் 16 புள்ளிகளில் சமமாக நிற்க, ஏறக்குறைய இரண்டு நிமிடமே மீதமிருந்தது. அந்த ஒரு பாஸை இன்றிரவு மெதுவாக ஓட்டி மீண்டும் மீண்டும் பார்த்தேன். டென்னசி டைட்டன்ஸின் ஜெவோன் கியர்ஸ் வந்து மோதும் வேளையில் பந்து வார்னரின் கையை விட்டுப் போகிறது. விசை குறைந்து முன்னதாகவே இறங்கிய அதை, ராம்ஸின் ஐசக் புரூஸ் ஓட்டத்தைத் தளர்த்திப் பிடித்து, உள்பக்கமாகத் திரும்பி ஓடி, 73 யார்டு டச்டவுனாக்குகிறார். இன்னும் அரை நொடி தாமதித்திருந்தால் பந்து எறியப்பட்டிருக்கவே முடியாது. டைட்டன்ஸின் கடைசி முயற்சியை ராம்ஸின் தடுப்பு வீரர் மைக் ஜோன்ஸ் எல்லைக்கு ஒரு யார்டு தூரத்தில் மடக்கிவிட, ராம்ஸ் 23-16 என வென்றது.

பிப்ரவரி 9

அரிசோனா கார்டினல்ஸ் அணியை 37 வயதில் சூப்பர் பவுல் வரை கொண்டுசென்று, 2009இல் பிட்ஸ்பர்க்கிடம் 27-23 எனத் தோற்ற ஆட்டத்தை இன்று பார்த்து முடித்தேன். தொழில்முறைக் கால்பந்தின் புகழரங்கம் 2017இல் அவரை ஏற்றது. உள்ளரங்கக் கால்பந்தின் புகழரங்கம் அதற்கு முன்பே ஏற்றிருந்தது.