போருக்கு முன்னால் வந்த தண்ணீர் பாட்டில்கள்

2002 கடைசியில், ஈராக் மீது போர் வருமா வராதா என்று உலகம் முழுக்க விவாதம் நடந்துகொண்டிருந்தது. குவைத்தில் ஷுவைக் பகுதியில் நான் வேலை பார்த்த கிடங்கில் மட்டும் அந்த விவாதம் இல்லை. உணவுப் பொருள் சப்ளை செய்யும் கம்பெனி அது. நான் பர்ச்சேஸ் பிரிவில் குமாஸ்தா. எங்கள் சரக்கில் ஒரு பங்கு பாலைவனத்து அமெரிக்க முகாம்களுக்குப் போகும். நேரடியாக அல்ல. பெரிய காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே இன்னொரு காண்ட்ராக்டர், அவருக்கும் கீழே நாங்கள். வாஷிங்டனில் எடுக்கும் முடிவு இத்தனை கை மாறி எங்களிடம் வந்து சேரும்போது எல்.பி.ஓ. என்கிற கொள்முதல் ஆர்டர் தாளில் வெறும் அளவாக இருக்கும்.

முதலில் கூடுவது தண்ணீர். ஆள் வருவதற்கு முன்னால் தண்ணீர் போய் நிற்க வேண்டும், பாலைவனத்தில் அதுதான் வரிசை. கூடவே காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி. முட்டையும் பழமும் கெட்டுப்போகிறவை, ஆள் வந்த பிறகுதான் கேட்பார்கள். ஆக, தண்ணீரும் தட்டும் ஏறினால் வரப்போகிறார்கள், முட்டை ஏறினால் வந்துவிட்டார்கள். கிடங்கைப் பார்த்துக்கொண்ட கொல்லத்துச் சேட்டன் இதை எனக்குச் சொல்லித் தந்தார். செய்தி கேட்கிற பழக்கமே இல்லாத மனிதர்.

அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் போருக்கு அதிகாரம் கொடுத்தது. கீழவையில் 296-க்கு 133, செனட்டில் 77-க்கு 23. இந்தத் தீர்மானத்தால் போர் நெருங்கிவிட்டது என்றோ தவிர்க்க முடியாதது என்றோ அர்த்தமில்லை என்று அதற்குச் சில நாள் முன்புதான் புஷ் பேசியிருந்தார். நவம்பர் 8 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் 1441-ஆம் தீர்மானம், ஆயுத ஆய்வுக்கு ஈராக் முழுசாக ஒத்துழைக்க வேண்டும் என்று. மாதக் கடைசியில் ஐ.நா. ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸின் ஆய்வாளர்கள் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்களைத் தேட ஆரம்பித்தார்கள். அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பட்டியலில் முட்டை ஏறியது.

வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலர் ஆண்ட்ரூ கார்டு, மார்க்கெட்டிங் முறைப்படி புதிய சரக்கை ஆகஸ்ட் மாதத்தில் அறிமுகப்படுத்தமாட்டார்கள் என்று செப்டம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார். போரைப் பற்றிய பேச்சை செப்டம்பரில் ஆரம்பித்ததற்கு அவர் கொடுத்த விளக்கம் அது. பலருக்கு ஆத்திரம் வந்தது. பர்ச்சேஸில் இருந்த எனக்கு அது ரொம்பச் சரியாகத்தான் பட்டது. கிடங்கில் சரக்கு சேர்க்காமல் யார் விளம்பரம் ஆரம்பிக்கிறார்கள்?

முகாம்களின் பெயர்களையும் சொல்ல வேண்டும். நியூயார்க், பென்சில்வேனியா, வர்ஜீனியா. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த மாநிலங்கள். அந்தத் தாக்குதலில் ஈராக்குக்குப் பங்கில்லை. ஆனால் இருபது வயதுப் பையன் ஒருவன் மாதக்கணக்கில் 'நியூயார்க்' என்ற பலகைக்குக் கீழே தூங்கி எழுந்து ஈராக்குக்குள் போனால், எதற்குப் பழி வாங்கப் போகிறோம் என்று அவனுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. டெலிவரி நோட்டில் அந்தப் பெயர்களை எழுதும்போதெல்லாம் இந்த யோசனை வரும்.

எங்கள் முதீருக்கு, அதாவது குவைத்தி மேனேஜருக்கு, இந்தப் போர் வேண்டியிருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990-இல் சதாம் படை குவைத்துக்குள் வந்தபோது பிடித்துக்கொண்டு போனவர்களில் அவர் மாமாவும் ஒருவர். காணாமல் போனவர்கள் 605 பேர் என்று குவைத் அரசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வீடுகளில் சதாம் ஒழியட்டும் என்று சொன்னால் அது அரசியல் பேச்சு இல்லை. எனக்குக் கசந்தது தூரத்தில் உட்கார்ந்து அவசரப்படுத்தியவர்களைப் பார்த்துத்தான். அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனி வியட்நாம் போர்க் காலத்தில் ஐந்து முறை ராணுவச் சேவைக்குத் தள்ளிவைப்பு வாங்கியவர். ஈராக்கில் நம்மை விடுதலை தந்தவர்களாக வரவேற்பார்கள் என்று தொலைக்காட்சியில் உறுதி சொன்னவரும் அவர்தான். எங்கள் லாரி ஓட்டிய கீழக்கரை பாய் 1990-இல் பாஸ்ரா, பாக்தாத் வழியாக அம்மான் போய், ஏர் இந்தியா ஏற்றிவந்த லட்சத்துச் சொச்சம் பேரில் ஒருவராக ஊர் சேர்ந்தவர். "பேசுறவன் ஒருத்தனாச்சும் அம்மான் ரோட்ல பிள்ளைக்குத் தண்ணி தேடி நின்னிருக்கானா, கேளுங்க தம்பி" என்பார்.

வெளியுறவு அமைச்சர் காலின் பவல் மேல் மட்டும் எனக்கு நம்பிக்கை இருந்தது. 1991-இல் படைத் தளபதிகளின் தலைவர், வியட்நாமை நேரில் பார்த்தவர், போர் என்றால் தயங்குகிறவர். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா.வில் அவர் பேசியதை கேண்டீன் டிவியில் பார்த்தோம். கையில் ஒரு சின்னக் குப்பி, திரையில் லாரி படங்கள், நடமாடும் ஆய்வுக்கூடம் என்றார். அதைச் சந்தேகிக்க என்னிடம் எந்த ஞானமும் இல்லை, அன்றைக்கு நம்பவும் செய்தேன். ஆனால் இப்போதுதான் உலகத்தை முடிவெடுக்கச் சொல்வது போல அவர் பேசினாரே, அதுதான் நெருடியது. பக்கத்து மேஜையில் ஏப்ரல் மாதத்துக்கான முட்டை ஆர்டர் இருந்தது. நாலு வருடம் கழித்தோ என்னவோ வருகிற ஏமாற்றம் இல்லை இது, அங்கேயே வந்தது. ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த மேடையில் யாருக்கும் கேள்வியே இல்லை என்று புரிந்தது. தன் பெயருக்கு அது ஒரு கறை என்று 2005-இல் பவலே ஒத்துக்கொண்டார்.

பவல் பேசி இரண்டு நாள் கழித்து பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு, போர் ஆறு நாள் நடக்கலாம், ஆறு வாரம் நடக்கலாம், ஆறு மாதம் போகும் என்று தோன்றவில்லை என்றார். எங்களிடம் கேட்ட கொட்டேஷனில் ஓராண்டு விலை, அதன்மேல் நீட்டிப்புக்கும் விலை என்று இருந்தது.

அப்புறம் எல்லாம் வேகம். வடக்குக் குவைத் ராணுவப் பகுதி என்று மூடப்பட்டது. எல்லை மின்வேலியில் யாரோ பெரிய வழிகள் வெட்டுகிறார்கள் என்று ஐ.நா. கண்காணிப்பாளர்கள் மார்ச் முதல் வாரத்தில் தெரிவித்தார்கள். பாதுகாப்புச் சபை அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தது. மார்ச் 20 அன்று சைரன். நாங்கள் தங்கியிருந்த ஃபர்வானியா அறைகளில் விஷவாயுவுக்குப் பயந்து ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முகமூடி வாங்க எங்களில் பலருக்குக் காசில்லை, வாங்கிக் கொடுக்கக் கம்பெனிக்கும் தோன்றவில்லை.

பாக்தாத் விழுந்ததும் எங்கள் டிரைவர்களை எல்லை தாண்டச் சொன்னார்கள். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூடுதல் பணம். காப்பீட்டைப் பற்றிக் கேட்டவருக்கு, விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடு, ஆள் இருக்கிறது என்று பதில் வந்தது. பாஸ்போர்ட் எல்லாம் ஆபீஸ் அலமாரியில். போனவர்களில் பெரும்பாலோர் கடனில் இருந்தவர்கள். 2004-இல் வேறொரு குவைத் கம்பெனியின் லாரி டிரைவர்களாக இருந்த மூன்று இந்தியர்கள் ஈராக்கில் கடத்தப்பட்டு, ஆறு வாரம் கழித்து விடுதலையானார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்கள் போக மறுக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு அந்தக் காலத்தில் ஓவர்டைம் நன்றாகக் கிடைத்தது. ஊரில் வீட்டு மாடி அந்தப் பணத்தில்தான் எழும்பியது. இதைச் சொல்லாமல் செனியை மட்டும் திட்டுவது சரியில்லை.

தேடிய ஆயுதம் இல்லை என்று, அமெரிக்காவின் தேடுதல் குழுவுக்குத் தலைவராக இருந்த டேவிட் கே 2004 ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். அமைதி வழிகள் தீரும் முன்பே பிரிட்டன் போருக்குப் போனது என்று அந்த நாட்டின் சில்காட் விசாரணை சொல்ல 2016 ஆனது. அன்று, போர்க் காலப் பிரதமர் டோனி பிளேர் வருத்தம் தெரிவித்தார், அதே முடிவைத்தான் மறுபடியும் எடுப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டார். இதற்குள் நான் ஊர் திரும்பிப் பல வருடம் ஆகியிருந்தது. கொல்லத்துச் சேட்டன் மட்டும் அதே கிடங்கில் இருந்தார். 2011 டிசம்பரில் கடைசி அமெரிக்க வண்டிகள் ஈராக்கிலிருந்து குவைத்துக்குள் வந்தபோது போன் செய்து, இனி வேலை குறையும் என்றார். 2014-இல் மறுபடி அழைத்தார், ஈராக்கில் ஐ.எஸ். பரவிய நேரம். தரைப்படை போகாது என்று ஒபாமா சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஆர்டர் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார்.