நான்காவது இரவு

இன்று அதிகாலை 3 மணிக்கு விழித்த மகள் பால் புட்டி கேட்டு அழவில்லை. என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தபடி மறுபடி தூங்கிப்போனாள்.

நான்தான் விடியும்வரை தூங்கவில்லை.

போன வாரம் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் அவள் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பற்கள் இரண்டிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. வாயில் புட்டியோடு தூங்கினால் பால் பல்லிலேயே தேங்கும், சொத்தை இப்படித்தான் தொடங்கும் என்றார். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் பால் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். 18 மாதத்துக்குள் புட்டியை விட்டுவிட வேண்டுமாம்.

இவளுக்கு 13 மாதம்.

பகல் புட்டிகள் எளிதாகப் போயின. இரவுப் புட்டிக்கு முதல் நாள் 40 நிமிடம் அழுதாள். அம்மா பரணிலிருந்து எனக்குப் புகட்டிய வெள்ளிச் சங்கை எடுத்து வந்தார், மூக்கு லேசாக நசுங்கியிருந்தது. அதைக் கடித்துப் பார்த்துவிட்டு வீசிவிட்டாள்.

கடைசியில் பிடித்துப்போனது குட்டி எவர்சில்வர் டம்ளர். பாதிப் பால் சட்டையில்தான். ஆனால் இரு கைகளாலும் ஏந்திக் குடித்து முடித்ததும், உள்ளே எட்டிப் பார்க்கிறாள். தன் முகம் தெரிகிறதுபோலும், சிரிக்கிறாள்.

இரவில் அவள் தேடியது பாலை மட்டும்தானா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஆறாம் மாதம் நான் வேலைக்குத் திரும்பியபோது, என் இடத்தில் வைத்துவிட்டுப் போனது அந்தப் புட்டியைத்தானே?

இன்றிரவும் சங்கிலியைக் கழற்றாமல்தான் படுக்கப்போகிறேன்.