பம்பைக்கு மைக் தேவையில்லையாம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா நடத்திய மைக் செட் கடையை இப்போது நான் நடத்துகிறேன். அவர் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதுதான் பெரிய வரும்படி. எனக்குப் புதுச்சேரி.

அங்கே ஜூன் 21 இசைத் திருநாள். 1982இல், ஜாக் லாங் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது பிரான்சில் தொடங்கியது. வித்வானும் வீட்டில் பொழுதுபோக்காக வாசிப்பவரும் தெருவுக்கு வரலாம், கேட்பவர் காசு தர வேண்டாம். பிரெஞ்சுத் தொடர்பால் புதுச்சேரிக்கும் வந்துவிட்டது. அதே பாணியில் கர்நாடக இசை, கிராமியம், வெளிநாட்டு இசை மூன்றையும் ஒரே மேடையில் ஏற்றும் நிகழ்ச்சிகளுக்கும் என்னை அழைக்கிறார்கள்.

கடற்காற்றில் மைக் வைப்பது தனித் தொல்லை. பஞ்சு உறை போடாவிட்டால் காற்றுதான் கச்சேரி செய்யும். ஈரத்தில் பறையின் தோல் தளர்ந்துவிடும், தீ மூட்டிக் காய்ச்சினால்தான் பேசும். மேடை அருகே தீ கூடாது என்பார்கள். மிருதங்கக்காரர் சுருதி சேர்க்க அரை மணி எடுத்தால் மட்டும் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

என் மனத்தாங்கலே இதுதான். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஒத்திகை நேரம் உண்டு. வெளிநாட்டுக் குழு எந்த இடத்தில் என்ன மைக் வேண்டும் என்று படமே வரைந்து அனுப்பிவிடும். பம்பை, உடுக்கை அடித்து அம்மன் கதை பாடும் குழுவுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. விருந்தினரை வாசலிலிருந்து அழைத்து வர அவர்கள் வேண்டும். பிறகு மேடையில் பத்து நிமிடம். ஒரு நிர்வாகி சொன்னார்: "பம்பைக்கு எதற்கு மைக்? ஊருக்கே கேட்குமே."

பம்பை கேட்கும் ஐயா, பாட்டு கேட்காது. மரத்தில் ஒன்று, பித்தளையில் ஒன்று என இடுப்பில் கட்டிய அந்த இரட்டை முழவுக்குப் பக்கத்தில் பாடுகிறவரின் குரல் எடுபடுமா? நாங்கள் பாட்டுக்கு வைக்கும் மைக் முன்னால் வரும் சத்தத்தை வாங்கும், பின்னால் வருவதைத் தள்ளும். ஊரில் பம்பைக்காரரும் உடுக்கை அடித்துப் பாடுகிறவரும் எதிரெதிரே நின்றுதான் வாசிப்பார்கள். அப்படியே நிற்கவிட்டு, மைக்கைப் பாடகர் வாய்க்கு நேராக நிறுத்தினால் பம்பை மைக்கின் முதுகுப்பக்கம் போய்விடும். குரல் தெளிவாக வரும். மேடையில் எல்லாரையும் சபையைப் பார்த்து வரிசையாக நிற்க வைக்கிறார்களே, அங்கேதான் கெடுகிறது. போன முறை நானே போய் அவர்களைத் திருப்பி நிறுத்தினேன். சபைக்கு முதுகு காட்டுவது மரியாதையா என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆனால் அன்றைக்குத்தான் முன்வரிசைக்கு அம்மன் கதை புரிந்தது.

கூத்துக் குழுவின் ஆர்மோனியத்துக்கும் இதே கதிதான். பாரீசில் தெபேன் என்பவர் 1840களில் காப்புரிமை பெற்ற கருவி அது. தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி அழுத்தும் வடிவம் கொல்கத்தாவில் உருவானது. சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அதில் வராது என்று அகில இந்திய வானொலி 1940இல் ஒதுக்கியபோதும் கூத்துக்காரர்கள் அதை விடவில்லை. ஒரு மாலை அக்கார்டியன் வாசிக்க வந்த பிரெஞ்சுக்காரர், மேடைக்குப் பின்னால் கூத்து ஆர்மோனியக்காரரிடம் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளைக் காட்டச் சொன்னார். அக்கார்டியன், ஆர்மோனியம் இரண்டு பெட்டிக்குள்ளும் ஒரே வேலைதான்: துருத்திக் காற்றில் நாக்கு அதிர்ந்து ஒலி எழுகிறது. மொழி தெரியாத இருவரும் அரை மணி நேரம் துருத்தியை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் இவர் ‘கிராமியம்’, அவர் ‘உலக இசை’. சம்பளமும் அந்தத் தலைப்புப்படிதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த நிகழ்ச்சிக்குப் பேச வந்தவர்களிடம் சொல்லிவிட்டேன்: பம்பைக் குழுவுக்கு மாலை நான்கு மணிக்கு ஒத்திகை என்று நிரலில் எழுதித் தந்தால்தான் வண்டியில் பெட்டி ஏற்றுவேன். கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.