எந்தத் தப்பை அடிப்பது?

எங்கள் பாட்டி ரயிலைக் கோச்சி என்பார். அறைக்குக் காம்பரா, திண்ணைக்கு இஸ்தோப்பு. கோத்தகிரியில் பள்ளித் தோழிகள் வீட்டுக்கு வரும்போது பாட்டி வாயைத் திறக்காமல் இருக்க வேண்டுமே என்று நான் சாமியைக் கும்பிட்டதுண்டு. 2019இல் திருமணமாகி, இலங்கையில் பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வந்து இறங்கினேன். "பையைக் காம்பராவில் வை பிள்ளை, இஸ்தோப்பில் சாரல் அடிக்கும்" என்றார் மாமி. பாட்டி செத்து நான்கு வருடமாகியிருந்தது. நான் அழுதுவிட்டேன். பெண்ணுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று லயமே கூடித் தேற்றியது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதியது. அந்தக் கணக்கில் இரண்டு பேர் என் தாத்தாவும் பாட்டியும். பண்டாரவளையில் அழுகைக் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, கடைசியில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக் கூடையையே மாட்டிக்கொண்டார்கள். அங்கே எங்களுக்குப் பெயர் சிலோன்காரர். இங்கே நான் இந்தியாக்காரி. மூன்று மாதத்தில் இந்தப் பெயர் பழகிவிட்டது. கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் அதற்கு முன்பே பழகிவிட்டன.

தோட்டத்துத் தமிழ் எனக்குத் தடையாக இல்லை. தடுக்கி விழுந்ததெல்லாம் அரசாங்கத் தமிழில்தான். நாங்கள் பேரிடர் மேலாண்மை என்று படித்தது இங்கே அனர்த்த முகாமைத்துவம். முதல் ஐப்பசியில் கணவரின் கைப்பேசிக்கு மண்சரிவு அபாய எச்சரிக்கை ஒன்று வந்தது. புவியியல் பட்டதாரியான நானே இரண்டு முறை படித்தேன். "மழை பெய்யுமாம், அவ்வளவுதானே? அதற்கு ஏன் இத்தனை வார்த்தை?" என்று கேட்டுவிட்டு மாமி ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2009 நவம்பரில் நீலகிரி சரிந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நான் வந்து சேர்ந்திருக்கும் இதே பதுளை மாவட்டத்தில்தான் கொஸ்லாந்தை மீரியபெத்தை இருக்கிறது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை அங்கே மலை இறங்கி லய வரிசைகளை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் உண்டு. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடம் முன்பே சொல்லியிருந்தது. பிறகு ஏன் போகவில்லை என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தோட்டத்தை விட்டால் காலடி மண் சொந்தமில்லாதவர்கள் எங்கே போவார்கள்? விழிப்புணர்வு இல்லை என்று சொல்வது, சொல்கிறவருக்குச் சுலபம்.

அடுத்த வருடம் விழிப்புணர்வும் வந்தது. காலநிலை மாற்றம் பற்றி ஒருநாள் பயிற்சி; திரையில் பனி உருகியது, வெள்ளைக் கரடி தத்தளித்தது. வந்த பெண்களுக்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போயிற்று. கடைசியில் கேள்வி உண்டா என்றார்கள். மாமி எழுந்து, "கான் வெட்ட ஆள் போடுவார்களா?" என்று கேட்டார். பேச்சாளருக்குக் கான் என்றால் என்னவென்று தெரியவில்லை. தேயிலை மலையில் மழைத்தண்ணீரைக் குறுக்கே வாங்கி ஓடைக்கு இறக்கும் வடிகால்தான் கான். எங்கள் மலையில் முன்பு தவறாமல் வெட்டுவார்களாம். இப்போது ஆள் குறைவு, கான் தூர்ந்து கிடக்கிறது. வழி கிடைக்காத தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவைக் கனக்க வைக்கிறது. அந்த நாள் முழுவதும் பேசப்பட்டதில் அறிவியல் என்று ஒன்று இருந்தது என்றால், அது மாமியின் கேள்விதான்.

மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தேன். ஒன்றரை லிட்டர் சோடாப் போத்தலின் தலையை வெட்டி, புனல் போலக் கவிழ்த்துச் செருகினோம். அடியில் கூழாங்கல் போட்டு, கல் மூடும்வரை தண்ணீர் விட்டு, அங்கே பூஜ்யம் என்று கோடு. பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டினோம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழித்திரு. 100 என்றால் சாமானைக் கட்டு. 150 என்றால் இறங்கு. 150க்கு ஒரு சிறுமி அக்காளின் சிவப்பு நகப்பூச்சைக் கொண்டுவந்து பூசினாள். காலையும் மாலையும் அளந்து கொப்பியில் எழுதும் பொறுப்பு ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு.

சரி, நடுச்சாமத்தில் அளவு ஏறினால் மேல் லயத்துக்கு எப்படிச் சொல்வது? மழையில் கரண்ட் போய்விடும், கைப்பேசி செத்துவிடும். அப்போதுதான் காமன் கூத்துக்குத் தப்பு என்னும் பறையை அடிக்கும் லயத்துத் தாத்தா ஒருவரிடம் போனோம். மாசி மாதம் காமன் ஊன்றினால் ரதியும் மதனும் ஆடுவது அவர் அடிக்குத்தான். அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, எழுப்பியதும் தப்புதான். கேட்ட உடனே தாத்தா ஒரு சிக்கல் சொன்னார். "எந்தத் தப்பை அடிப்பது? பிரட்டுத் தப்பு அடித்தால் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று போர்வையை இழுத்து மூடுவார்கள். கூத்துத் தப்பு அடித்தால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். சாவுத் தப்புதான் சரி. யார் போனது என்று கேட்கவாவது வெளியே வருவார்கள்."

கோயில் கமிட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் சாகாமல் சாவுத் தப்பு அடித்தால் அபசகுனமாம். மாமியும் அந்தக் கட்சி. அந்த வருடக் கூத்தில் கோமாளி சோடாப் போத்தலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, "எழுபத்தைந்து! நூறு!" என்று கத்திக்கொண்டே விழுந்து புரண்டான். எல்லோரும் சிரித்தார்கள். இடையில் தாத்தா சாவுத் தப்பை நான்கு அடி அடித்துப் பாதியில் நிறுத்தினார். சிரிப்பும் நின்றது. கமிட்டி அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. தப்பைத் தொட வெட்கப்பட்ட பையன்கள் இரண்டு பேர் அந்த நான்கு அடியைக் கற்றுக்கொண்டார்கள். அந்த வெட்கத்துக்குப் பின்னால் சாதி இருக்கிறது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டார்கள்.

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி 110 காட்டியது. பையன் ஓடினான். ஆனால் தப்பு சத்தமே போடவில்லை. ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது. சாக்கை எரித்து, நெருப்பில் காட்டிக் காய்ச்சி, அடி கிளம்ப அரை மணி நேரம் ஆனது. "யார் போனது?" என்று குடையோடு வந்தவர்கள் அப்படியே பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். மலை இறங்கவில்லை. தூக்கம் கெட்டது என்று காலையில் தாத்தாவுக்கு நல்ல திட்டு. அவர் காதில் வாங்காமல், மழைக்காலம் முழுக்கத் தப்பைக் காய வைக்க இடம் தேடினார். அவர் வீட்டுக் கூரை ஒழுகும்.

சாவு வீட்டுத் தப்பு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர் எங்கள் மாமி. அன்று மாலை அடுப்புக்கு மேலே பரணில் இருந்த விறகைப் பாதிக்கு இறக்கினார். "இங்கே வை" என்றார். "அடிக்கிற பக்கம் கீழே இருக்கட்டும்."