பை நிற்கிறதா, சாய்கிறதா?

கண்டுபிடிப்பாளர்களைப் பற்றிய படப்புத்தகம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது, அதில் ஆளின் முகம் அதிகமா, அவர் செய்த பொருள் அதிகமா என்பதைத்தான். தாடி வைத்த தாத்தா பக்கத்துக்குப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தால், என் மழலையர் வகுப்பு இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து போய்விடும். தலைக்கு மேல் பல்பு எரியும் படம் இருந்தால் கேட்கவே வேண்டாம். எத்தனையோ நாள் உழைப்பை ஒரே பல்பில் முடித்துவிடுகிறார்கள்!

மார்கரெட் நைட்டின் கதை மட்டும் சோடை போனதே இல்லை. அடி தட்டையான காகிதப் பைகளைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியவர். புத்தகத்தைத் திறக்கும் முன் இரண்டு பைகளை மேசையில் வைப்பேன். ஒன்று கடித உறை மாதிரி வெறுமனே ஒட்டியது. மற்றது அடி மடித்தது. மரக்கட்டைகளைப் போடச் சொன்னால் முதல் பை சாய்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது ஜம்மென்று நிற்கும். உடனே அடியைப் பிரித்துப் பார்ப்பார்கள், திரும்ப மடிக்க வராது. "மிஸ், மெஷினுக்கு மட்டும் எப்படி மடிக்க வரும்?" என்று யாராவது கேட்ட பிறகுதான் கதை.

அவருடைய இயந்திரத்தைப் பார்த்துவிட்ட ஒருவர், அது தன்னுடையது என்று காப்புரிமை கேட்டுவிடுகிறார். நைட் தன் வரைபடங்களைக் காட்டி வழக்காடி வெல்கிறார். 1871இல் காப்புரிமை அவருக்கே கிடைக்கிறது. இந்த இடத்தில் வகுப்பே கொதிக்கும். காப்புரிமை என்றால் என்ன என்று நான் விளக்குவதில்லை. பொம்மைக்காகத் தினமும் சண்டை போடுகிறவர்களுக்கு அது தெரியாதா என்ன? ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது, இருக்கவும் வேண்டாம்.

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில், மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் கண்ணில் காயம்பட்ட பக்கத்தைச் சிலர் தள்ளிவிடுவார்கள். நான் படிப்பேன், குரலை மாற்றாமல். "வலிச்சுதா?" என்பார்கள். "ரொம்ப வலிச்சிருக்கும்" என்பேன். பிறகு தடித்த அட்டையில் 12 புள்ளிகள் உள்ள ஒரு கட்டம், 6 புள்ளிகள் உள்ள ஒரு கட்டம். கண்ணை மூடிக்கொண்டு தடவுவார்கள். ஆறும் விரல்நுனிக்குள் அடங்கிவிடும். பன்னிரண்டுக்கு விரலை நகர்த்தியாக வேண்டும். அதற்கு முன்பிருந்த 12 புள்ளி முறையை அந்தப் பையன் 15 வயதில் ஏன் பாதியாக்கினான் என்று அப்புறம் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி அட்டையைத் திருப்பிப் பார்த்து, "குத்தினது இந்தப் பக்கம், மேடு அந்தப் பக்கம்" என்றாள். ஊசியால் குத்தி எழுதுகிறவர்கள் வலமிருந்து இடமாக எழுதுவது அதனால்தான். அது அந்தப் புத்தகத்தில் இல்லை.

ரைட் சகோதரர்களுக்குப் பொருள் எதுவும் தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். 1903இல் அவர்களின் முதல் பறத்தல் 12 விநாடி. எல்லோரும் சேர்ந்து பன்னிரண்டு வரை எண்ணி, "அவ்ளோதானா?" என்று முகம் சுளிப்பார்கள். அதே நாளில் நான்காம் முறை 59 விநாடி. இருபதுக்கு மேல் பெரும்பாலும் நான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.